படங்களில் இல்லாதவள்

அன்புள்ள அம்மா,

பொங்கல் விடுமுறைக்கு நானும் மனைவியும் ஹம்பி போயிருந்தோம். விட்டலர் கோயில் கல்தேர் முன்னால், கூட்டம் விலகட்டும், படம் எடுக்கலாம் என்று அரைமணி நேரம் என்னை நிற்க வைத்துவிட்டாள். ஹேமகூட மலையில் அஸ்தமனம் பார்க்க முடியவில்லை. எனக்குக் கண்ணால் பார்த்தால் போதும். படம் எடுத்தால் ஞாபகம் குறையும் என்று ஆய்வே இருக்கிறது. மொத்தம் 600 படம், அவள் இருப்பது 4இல். இதற்கா இத்தனை அலைச்சல்? போனைப் பைக்குள் வைக்கச் சொல்வது எப்படி?

ஒரு வாசகர், கோவை

தம்பி,

பதில் எழுதத் தூண்டியது உங்கள் கேள்வி அல்ல, கடிதத்தில் உள்ள ஒரு வரி. அதற்கு வருகிறேன்.

முதலில் அந்த ஆய்வு. உளவியல் ஆய்வாளர் லிண்டா ஹென்கல் 2014இல் வெளியிட்டது. அருங்காட்சியகத்தில் படம் எடுத்தவர்களுக்கு, சும்மா பார்த்தவர்களைவிடக் குறைவாகவே நினைவிருந்தது. சரி. ஆனால் ஒரு பகுதியை ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு அந்தக் குறை இல்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? 2017இல் வந்த வேறொரு ஆய்வில், விரும்பிப் படம் எடுத்தவர்களுக்குப் பார்த்தது கூடுதலாகவும் கேட்டது குறைவாகவும் நினைவிருந்தது. கைடு சொன்னதை நீங்கள் நினைவு வைத்துக்கொள்ளுங்கள். தூண் யாளியை அவள் பார்த்துக்கொள்வாள். அஸ்தமனத்துக்கெல்லாம் நான் வருத்தப்படப் போவதில்லை.

600 படத்தில் அவள் இருப்பது 4. இதை அவள்மேல் புகாராக எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் கோபம் வந்தது. இரண்டு கையும் சும்மா இருக்கப் பக்கத்தில் நின்றது யார்? அந்த நாலும் அவளே கையை நீட்டி எடுத்த செல்ஃபிதானே?

எங்கள் வீட்டில் கேமரா சித்தப்பாவிடம்தான் இருக்கும். ஒரு ரோலுக்கு 36 படம். குற்றாலம், கன்னியாகுமரி என்று போகும் இடமெல்லாம் எங்களை வரிசையாக நிறுத்தி எடுப்பார். அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு ஆல்பம் போட உட்கார்ந்தோம். எல்லாரும் இருந்தோம், அவர் இல்லை. ஒரு படத்தில் மணலில் அவர் நிழல் மட்டும் விழுந்திருந்தது. "யாராவது ஒரு தடவை வாங்கி எடுத்திருக்கலாம்ல" என்றார் சித்தி. எங்களில் ஒருவருக்கும் வாய் திறக்க முடியவில்லை. அந்த மனுஷர் ஒருநாளும் கேட்டதில்லை. உங்கள் மனைவியும் கேட்டிருக்க மாட்டாள்.

கல்தேரின் படம் ஐம்பது ரூபாய் நோட்டிலேயே இருக்கிறது. அதன் பக்கத்தில் உங்கள் மனைவி நிற்கும் படம் எங்கே இருக்கிறது? அதை எடுக்க வேண்டியவர் நீங்கள்தானே?

அடுத்த முறை அவள் கேட்பதற்கு முன்பே போனை வாங்குங்கள். ஒரு தட்டு தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அவள் தலைமுடியைச் சரிசெய்யும்வரை பொறுங்கள். பாதத்தை வெட்டாமல், தேர்ச் சக்கரம் முழுசாகத் தெரிகிற மாதிரி எடுத்துக் காட்டுங்கள். பிடிக்கவில்லையென்றால் இன்னொன்று எடுங்கள். அப்புறம் அங்கே நிற்கும் யாரிடமாவது போனைக் கொடுத்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் அவள் பக்கத்தில் போய் நில்லுங்கள்.