வுட்ஸ்டாக்கும் ஒரு பால்பண்ணைக்காரரும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். சென்ற கோடையில் மனைவியையும் பதினாறு வயது மகளையும் அழைத்துக்கொண்டு, நியூயார்க் மாநிலத்தின் பெத்தல் என்ற சிற்றூரில் இருக்கும் 1969இல் நடந்த வுட்ஸ்டாக் ராக் இசை விழாவின் அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். கல்லூரி நாட்களிலிருந்தே நான் அந்த இசையைக் கேட்டு வளர்ந்தவன் என்பதால் பெரும் எதிர்பார்ப்போடு போனேன், ஏமாற்றத்தோடுதான் திரும்பினேன். கண்ணாடிப் பெட்டிகள், டி-ஷர்ட் விற்கும் கடை, வெளியே ஒழுங்காக வெட்டப்பட்ட புல்வெளி. அந்த விழாவில் வாசித்த கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் கிட்டாரைக் காணவில்லை. யாரோ ஒரு பால்பண்ணைக்காரரின் கதையைத்தான் விரிவாகச் சொல்கிறார்கள். ஓர் இசை விழாவை அருங்காட்சியகத்தில் அடைப்பது அதைக் கொல்வது ஆகாதா? ஆண்டுதோறும் அங்கேயே அந்த விழாவை நடத்தியிருக்கலாமே? இன்னொன்று: அந்த விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவர் நம் கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சச்சிதானந்த சுவாமிகள் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் கஞ்சா புகைத்தபடி அரைகுறை ஆடையில் கிடந்த கூட்டத்தின் நடுவே அவருக்கு என்ன வேலை என்று மகள் கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது, இரண்டாம் முறை வாஞ்சை வந்தது. மகளை அழைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் சென்று, அவள் கேட்ட கேள்வியை வீட்டுக்குத் திரும்பிய பிறகும் மனத்தில் சுமக்கிற தகப்பனை நான் மதிக்கிறேன். ஆனால் 'யாரோ ஒரு பால்பண்ணைக்காரர்' என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில்.

சிறியவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். டி-ஷர்ட் கடை எல்லா அருங்காட்சியகங்களிலும் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஹென்ட்ரிக்ஸ் அன்று வாசித்த வெள்ளை கிட்டார் சியாட்டில் நகரத்து அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. புல்வெளியைப் பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. நீங்கள் பார்த்த அந்தச் சரிவான வயல்தான் 1969 ஆகஸ்ட் 15 முதல் 18 காலை வரை நான்கு லட்சம் பேருக்கு மேல் அமர்ந்திருந்த இடம். ஆலன் ஜெர்ரி என்ற கேபிள் தொலைக்காட்சித் தொழிலதிபர் அந்த நிலத்தை வாங்கியபோது அதன்மேலேயே அரங்கம் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. 2006இல் திறந்த கலையரங்கமும் 2008இல் திறந்த அருங்காட்சியகமும் அந்த வயலிலிருந்து விலகி நிற்கின்றன. வயல் வயலாகவே விடப்பட்டிருக்கிறது. 2017இல் அது அமெரிக்க அரசின் வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு தொல்லியலாளர்கள் வந்து, மேடை சரியாக எங்கே நின்றது என்பதை அறிய மண்ணைத் தோண்டி ஆராய்ந்தார்கள். ஐம்பது ஆண்டுகூட நிறையாத ஒரு மேடைக்காக இந்த அக்கறை! நம் ஊரில் மேதைகள் விடிய விடிய வாசித்த பந்தல்கள் எந்தத் தெருவில் நின்றன என்று சொல்லக்கூட இன்று ஆளில்லை. கண்ணாடிப் பெட்டி எதையும் கொல்வதில்லை, நண்பரே. பெட்டி இல்லாததால் செத்தவற்றின் பட்டியல் நம்மிடம் நீளம்.

சச்சிதானந்தரைப் பற்றி. செட்டிபாளையத்தில் பிறந்து, ரிஷிகேசத்தில் சிவானந்தரிடம் துறவு பெற்று, இலங்கையில் பல்லாண்டு பணிசெய்துவிட்டு, 1966இல் நியூயார்க் சென்றவர் அவர். முதல் பாடகரான ரிச்சி ஹேவன்ஸ் பாடி முடித்தபின் மேடையில் வெண்துணி விரிப்பின்மேல் அமர்ந்து, இசையின் பெயரால் இவ்வளவு இளைஞர்கள் கூடியிருப்பது தன்னை மகிழ்ச்சியில் ஆழ்த்துகிறது என்று சொன்னார். அங்கே அவருக்கு என்ன வேலை என்றால், அதுதான் வேலை. கூட்டம் அமைதியாக இருக்கும்படி பேச அழைத்தார்கள், போய்ப் பேசினார். எதிரில் இருப்பவர்கள் குளித்துவிட்டு வந்திருக்கிறார்களா என்று பார்த்துப் பேசுகிறவர் துறவியாக இருக்க முடியாது. உங்கள் மகளுக்கு இவ்வளவு போதும். உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எங்கே போனாலும் 'நம்மவர்' யாராவது இருக்கிறாரா என்று தேடி, இருந்தால் பெருமைப்பட்டு, மறுகணமே அவர் ஏன் அங்கே போனார் என்று வெட்கப்படுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தத் தேடலில் மற்றவர்கள் கண்ணில் படாமல் போகிறார்கள்.

அதே இரவில் மழைக்கு நடுவே அல்லா ரக்காவின் தபலாவோடு சிதார் வாசித்த ரவிசங்கருக்கு அந்த விழா பிடிக்கவில்லை என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். சேற்றில் கிடந்த கூட்டம் தனக்கு நம் ஊர் எருமைகளை நினைவூட்டியதாகப் பிற்காலத்தில் சொன்னார். போதையில் கிடப்பவர்கள் முன் வாசிப்பது அவருக்கு வேதனையாக இருந்தது. அவர் சொன்னதும் நியாயந்தான். வாத்தியத்தை வணங்கித் தொடும் மரபில் வந்தவர் அவர். ஒருவர் வாழ்த்தினார், ஒருவர் வருந்தினார். இரண்டையும் ஒரே விழா தாங்கியது.

இனி அந்தப் பால்பண்ணைக்காரர்.

மேக்ஸ் யாஸ்கர் என்பது அவர் பெயர். பெத்தல் அமைந்த சல்லிவன் மாவட்டத்தின் மிகப் பெரிய பால் உற்பத்தியாளர். அப்போது வயது 49, இதய நோயாளி. குடியரசுக் கட்சிக்காரர், வியட்நாம் போரை ஆதரித்தவர். விழாவுக்கு வந்த இளைஞர்களில் பெரும்பாலோர் அந்தப் போரை வெறுத்தவர்கள். வால்கில் என்ற ஊர் கடைசி நேரத்தில் அனுமதி மறுத்ததால் நடுத்தெருவில் நின்ற அமைப்பாளர்களுக்குத் தன் 600 ஏக்கர் பண்ணையை அவர் வாடகைக்குக் கொடுத்தார். வாடகை வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்; அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் செய்தி பரவியதும் ஊரில் பலகை வைத்தார்கள்: மேக்ஸின் ஹிப்பி விழாவைத் தடுத்து நிறுத்துவோம், அவருடைய பாலை வாங்காதீர்கள் என்று. சொந்த ஊர்க்காரர்களே வைத்த பலகை அது. பால் விற்றுப் பிழைப்பவருக்கு அதன் பொருள் என்ன என்று உங்களுக்குத் தெரியும். பலகையைப் பார்த்த பிறகுதான் அவர் உறுதியாக நின்றார். இந்தப் பிள்ளைகளின் தோற்றம் தனக்கும் உவப்பானது அன்று, ஆனாலும் கூடுவதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு என்பதுதான் ஊர்க்காரர்களிடம் அவர் வைத்த வாதத்தின் சாரம்.

கூட்டம் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பெருகியது. வேலி கட்டி முடிக்கவில்லை. முன்பதிவுக்கு 18 டாலர் என்று விற்ற நுழைவுச் சீட்டுக்குப் பொருளில்லாமல் போய், விழா இலவசமானது. சாலைகள் அடைபட்டன, உணவு தீர்ந்தது. ஹாக் ஃபார்ம் என்ற குழுவினர் பெரிய பாத்திரங்களில் தானியம் வேகவைத்துப் போட்டார்கள். மாண்டிசெல்லோ ஊரின் யூத சமூக மையத்துப் பெண்கள் ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே இறைச்சி வைத்துக் கட்டிக் கொடுக்க, கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் அவற்றைக் கொண்டுபோய் விநியோகித்தார்கள். அப்போது, வழியில் சிலர் இளைஞர்களிடம் தண்ணீரைக் காசுக்கு விற்கிறார்கள் என்ற செய்தி யாஸ்கர் வீட்டுக்கு வந்தது. தண்ணீருக்கு எவனாவது காசு வாங்குவானா என்று மேசையைக் குத்திக் கத்தியவர், தன் வீட்டுக் களஞ்சியத்தின் முன்னால் 'இலவசத் தண்ணீர்' என்று எழுதி வைக்கச் செய்தார். காலிப் பால்பாட்டில்களில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார்கள்.

இதைத்தான் நீங்கள் கடந்து வந்திருக்கிறீர்கள். இசைக்கலைஞர்கள் முப்பத்திரண்டு அணியினர் வந்தார்கள், வாசித்தார்கள், ஹெலிகாப்டரில் ஏறிப் போனார்கள். அவர்கள் வாசித்தது பதிவில் இருக்கிறது, உங்கள் கைப்பேசியிலேயே கேட்கலாம். அந்த நான்கு லட்சம் பேரை உயிரோடும் மனிதர்களாகவும் வைத்திருந்தது எது என்பது எந்த இசைத்தட்டிலும் இல்லை. அதை வைப்பதற்குத்தான் அருங்காட்சியகம் வேண்டும். அன்று அங்கிருந்தவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவாகச் சேர்த்துவரும் அருங்காட்சியகத்தார் தங்கள் வேலையைச் சரியாகவே செய்கிறார்கள்.

என் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. தஞ்சை மாவட்டத்தில் என் தாய்மாமாவுக்குக் கோயிலை ஒட்டி நிலம் இருந்தது. மாமா கறுப்புச் சட்டைக்காரர். கோயில் வாசலை மிதித்தவரில்லை. வைகாசித் திருவிழாவுக்கு அறுவடை முடிந்த அவருடைய வயலில்தான் வெளியூர்க் கூட்டம் தங்கும். பத்து நாளும் அவர் பம்ப்செட்டை நிறுத்தமாட்டார். வரப்போரத்தில் மூன்று அண்டாக்களை வரிசையாக வைத்து, ஈரச் சாக்கைச் சுற்றி, வெட்டிவேரைத் துணியில் முடிந்து உள்ளே போட்டிருப்பார். வெட்டிவேர் முடிச்சை அன்றாடம் மாற்றுவது என் வேலை. பழையதைப் பிழிந்தால் கையெல்லாம் நாள் முழுவதும் மணக்கும். சாமி புறப்பாட்டின்போது நள்ளிரவுக்கு மேல் நாகஸ்வரக்காரர் தோடியை எடுத்தால், மாமா கயிற்றுக் கட்டிலைத் திருப்பிப் போட்டு, கோயிலுக்கு முதுகைக் காட்டியபடி விடியும்வரை கேட்பார். கோயில் கூட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறீரே என்று அவருடைய தோழர்கள் ஒருமுறை சண்டைக்கு வந்தார்கள். "குடிக்க வருகிறவன் நெற்றியைப் பார்த்தா ஊற்றுவது?" என்றார். பிறகு அவர்களுக்கும் ஒரு சொம்பு கொடுத்தார்.

அண்மையில் சென்னைப் புறநகரில் ஒரு பெரிய இசை நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். வாசலில் பையைச் சோதித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கித் தொட்டியில் போட்டார்கள். உள்ளே அதே தண்ணீர் மூன்று மடங்கு விலை. என் முன்னால் ஒரு தாய் குழந்தைக்கென்று வைத்திருந்த பாட்டிலுக்காகக் காவலாளியிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து யாஸ்கரின் நினைவாகவே இருந்தேன். அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

நான் தண்ணீரைப் பெரிதுபடுத்துவதாகத் தோன்றினால் 1999 ஜூலையைப் பாருங்கள். அதே வுட்ஸ்டாக் என்ற பெயரில், மைக்கேல் லாங் என்ற அதே அமைப்பாளரை உள்ளிட்ட குழு, முப்பதாம் ஆண்டு விழாவை நியூயார்க் மாநிலத்திலேயே இருக்கும் ரோம் என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் நடத்தியது. சுட்டெரிக்கும் தார்த்தரை, நிழல் அரிது, ஒரு பாட்டில் தண்ணீர் 4 டாலர். புகழ்பெற்ற குழுக்களுக்குக் குறைவில்லை, ஒலிபெருக்கிகளுக்கும் குறைவில்லை. கடைசி இரவில் கூட்டம் தீ வைத்தது, கடைகளைச் சூறையாடியது. பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். கொடுமை செய்தவர்களின் குற்றத்தை 4 டாலர் பாட்டிலின்மேல் ஏற்றி நான் அவர்களை விடுவிக்கவில்லை, குற்றம் அவர்களுடையது. ஆனால் விருந்தினரைத் தாகத்தில் நிறுத்திக் காசு பறிக்கிற இடத்தில் விருந்தோம்பலும் இல்லை, விழாவும் இல்லை. 1969இலும் சேறும் பசியும் போதையும் இருந்தன. மரணங்களும் நேர்ந்தன, உறங்கிக்கொண்டிருந்த 17 வயதுப் பையன்மேல் டிராக்டர் ஏறியது. அதைச் சொர்க்கம் என்று நான் சொல்லமாட்டேன். வந்தவர்களை அந்த ஊர் கடைசியில் கைவிடவில்லை என்று மட்டும் சொல்வேன்.

ஆண்டுதோறும் அங்கேயே நடத்தியிருக்கலாமே என்று கேட்டிருந்தீர்கள். மூன்றாம் நாள் மேடையேறி, இத்தனை லட்சம் இளைஞர்கள் இசைக்காகக் கூடி இசையோடு மட்டும் இருக்க முடியும் என்று உலகுக்குக் காட்டிவிட்டீர்கள் என்று வாழ்த்திய யாஸ்கர், விழாவுக்குப் பிறகு ஊர்க் கடைக்கே வேண்டாதவரானார். நிலம் பாழானது என்று அண்டை வீட்டார் அவர்மேல் வழக்குப் போட்டார்கள். 1970இல் மறுபடியும் விழா நடத்த நிலம் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். பால்பண்ணையை நடத்தும் வேலைக்குத் திரும்புகிறேன் என்றார். 1971இல் பண்ணையை விற்றுவிட்டு ஃபுளோரிடாவுக்குப் போனார். 1973 பிப்ரவரியில் மாரடைப்பில் இறந்தபோது அவருக்கு வயது 53.

இவற்றையெல்லாம் உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். சச்சிதானந்தரைப் பற்றி அவள் கேட்டதைவிட இதைப் பற்றி அவள் நிறையக் கேட்பாள்.

அன்புடன்.