பியேர் மெந்தேஸ் பிரான்ஸ்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: புதுச்சேரி விடுதலை நாள் கூட்டத்தில் இந்தப் பெயரைக் கேட்டேன். யார் சார் அவர்?

1954-இல் பிரான்சின் பிரதமர். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கையும் இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் அவர் ஆட்சியில்தான் கையெழுத்தானது. 1907-இல் பாரிஸில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வழக்கறிஞர். 25 வயதிலேயே நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். ஆனால் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அவருடைய போர்க்காலத்தால்தான்.

கேள்வி: ராணுவத்தைவிட்டு ஓடியவர் என்று தண்டனை பெற்றவராமே?

தண்டனை உண்மை, குற்றம் பொய். 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்துகொண்டிருந்தது. வட ஆப்பிரிக்காவிலிருந்து போரைத் தொடரலாம் என்று நம்பி, 'மசிலியா' என்ற கப்பலில் சில நாடாளுமன்ற உறுப்பினர்கள் மொராக்கோவுக்குப் புறப்பட்டார்கள். விமானப்படை அதிகாரியான மெந்தேஸும் அவர்களில் ஒருவர். கப்பல் போய்ச் சேர்வதற்குள், பிரான்சில் புதிதாக அமைந்த மார்ஷல் பெத்தேன் அரசு ஜெர்மனியோடு போர்நிறுத்தம் செய்துகொண்டது. சண்டை போடப் போனவர்களையே ஓடிப்போனவர்கள் என்று பட்டம் கட்டினார்கள். யூதர், இடதுசாரிக் கூட்டணி அரசில் இருந்தவர் என்ற இரண்டும் சேர்ந்து அவரை வசதியான இலக்காக்கின. 1941 மேயில் க்ளெர்மோன்-ஃபெரான் ராணுவ நீதிமன்றம் ஆறாண்டு சிறை விதித்தது.

அடுத்த மாதமே தப்பிவிட்டார்! மதில்மேல் ஏறியபோது கீழே மரத்தடியில் ஒரு காதல் ஜோடி. அவன் கெஞ்சுகிறான், அவள் தயங்குகிறாள். அவள் சம்மதித்து இருவரும் நகரும்வரை இவர் மதில்மேலேயே காத்திருந்தார். பின்னாளில் ஓர் ஆவணப்படத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். அப்புறம் மாதக்கணக்கில் தலைமறைவு. 1942-இல் லண்டன் சேர்ந்தார்.

கேள்வி: லண்டனில் பதவி எதுவும் கிடைத்ததா?

அவர் கேட்டது பதவி இல்லை, விமானம். சரணடைய மறுத்து லண்டனிலிருந்து போரைத் தொடர்ந்த தளபதி தெ கோலின் சுதந்திர பிரான்ஸ் படையில் 'லொரேன்' குண்டுவீச்சுப் பிரிவில் வழிகாட்டும் அதிகாரியாகப் பறந்தார். ஜெர்மானியர் பிடித்துவைத்திருந்த தன் சொந்த நாட்டின் மேலேயே குண்டு வீசப் போக வேண்டியிருந்தது. முன்னாள் துணை அமைச்சர் ஒருவர் அந்த வேலையை விரும்பிக் கேட்டு வாங்கியது சாதாரண விஷயம் இல்லை. 1943 நவம்பரில் தெ கோல் தன் தற்காலிக நிர்வாகம் இயங்கிய அல்ஜியர்ஸுக்கு அவரை அழைத்து நிதிப் பொறுப்பைக் கொடுத்தார். 1944-இல் போருக்குப் பிந்தைய உலக நாணய ஏற்பாட்டை முடிவுசெய்த பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் பிரான்ஸ் தூதுக்குழுவின் தலைவரும் அவரே.

கேள்வி: பிறகு ஏன் தெ கோலோடு பிரிந்தார்?

பணவீக்கம்தான் காரணம். பழைய நோட்டுகளை மாற்றி, கணக்குகளை முடக்கி, கள்ளச்சந்தைப் பணத்தைப் பிடிக்க வேண்டும் என்றார் மெந்தேஸ். களைத்துப்போன மக்களுக்கு அது கசப்பு மருந்து. தெ கோல் மென்மையான வழியைத் தேர்ந்தார், இவர் 1945 ஏப்ரலில் விலகினார். பின்வந்த ஆண்டுகளின் விலையேற்றத்தைப் பார்த்தால், மெந்தேஸ் சொன்னதே சரி என்பது என் கருத்து.

கேள்வி: பிரதமராக இருந்தது ஏழெட்டு மாதம்தானே? அதில் என்ன பெரிதாகச் செய்தார்?

வியட்நாமில் பிரெஞ்சுப் படையின் கோட்டையான தியன் பியன் பூ வீழ்ந்த மறுமாதம் பதவிக்கு வந்தார். ஜூலை 20-க்குள் இந்தோசீனாவில் (வியட்நாம், லாவோஸ், கம்போடியா) அமைதி வராவிட்டால் விலகுவேன் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அன்று நள்ளிரவைத் தாண்டி ஜெனீவாவில் ஒப்பந்தம் முடிந்தது. அதே மாதக் கடைசியில் துனீசியாவுக்குப் போய் உள்நாட்டுத் தன்னாட்சியை அறிவித்தார். புதுச்சேரி விஷயத்தில், அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவு. மூன்று நாளில் டெல்லியில் கையெழுத்து, நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது.

கேள்வி: அல்ஜீரியாவை மறைத்துப் பேசுகிறீர்களே ஐயா?

மறைக்கவில்லை. அங்கே கிளர்ச்சி வெடித்ததும் அதே நவம்பர் 1-தான். அல்ஜீரியா பிரான்சின் பகுதி என்று நாடாளுமன்றத்தில் உறுதியாகச் சொல்லி, படை அனுப்பினார். பிற இடங்களில் இருந்த தெளிவு அங்கே அவரிடம் இல்லை, அதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். ஆனாலும் வட ஆப்பிரிக்காவில் விட்டுக்கொடுக்கிறார் என்று குற்றம் சாட்டித்தான் 1955 பிப்ரவரியில் அவரைக் கவிழ்த்தார்கள். மறுஆண்டு சோஷலிஸ்ட் பிரதமர் கி மொலேயின் அரசில் அமைச்சரானவர், அல்ஜீரியக் கொள்கையை ஏற்க முடியாமல் சில மாதங்களில் விலகினார்.

கேள்வி: புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது 1954-இல் என்பார் எங்கள் தாத்தா. பாடப்புத்தகத்தில் 1962 என்றிருக்கிறது. எது சரி?

இரண்டும் சரிதான் தம்பி. 1954-இல் நிர்வாகம் வந்தது. சட்டப்படி ஒப்படைக்கும் உடன்படிக்கை 1956-இல் கையெழுத்தானாலும், பிரெஞ்சு நாடாளுமன்றம் அல்ஜீரியப் போர் முடியும்வரை அதை ஏற்காமல் இழுத்தடித்தது. 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அப்போது மெந்தேஸ் நாடாளுமன்றத்திலேயே இல்லை. 1958-இல் தெ கோல் ஆட்சிக்குத் திரும்பிய விதத்தை எதிர்த்து, அந்த ஆண்டுத் தேர்தலில் தோற்றிருந்தார். அந்த உடன்படிக்கையின்படி, விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள எழுதிக் கொடுக்கலாம். தாத்தா அப்படி எழுதிக் கொடுத்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.