இலவசச் செயலி சந்தா கேட்கும்போது: மின்னஞ்சல் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: ஸ்பார்க் செயலியில்தான் சில ஆண்டுகளாக மின்னஞ்சல் பார்த்து வருகிறேன். இப்போது பல வசதிகளுக்குச் சந்தா கேட்கிறது. கட்டாவிட்டால் பழைய மடல்கள் போய்விடுமா?

பதில்: போகாது. 2022 அக்டோபரில் பிரீமியம் சந்தாவை அறிமுகப்படுத்திய அந்தச் செயலி, மடல்களைப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவி மட்டுமே. மடல்கள் இருப்பது ஜிமெயில், யாகூ என்று நீங்கள் கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் சர்வரில். செயலியை நீக்கினாலும் அவை அங்கேயே இருக்கும். ஆனால், குறித்த நேரத்தில் அனுப்புமாறு செயலியில் போட்டு வைத்த மடல்களும், அதற்குள்ளேயே எழுதிக்கொண்ட குறிப்புகளும் உங்களோடு வராமல் போகலாம் என்பதால், விலகும் முன் அவற்றைப் பார்த்து முடித்துவிடுங்கள். பிறகு கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்திற்குச் சென்று, அந்தச் செயலிக்கு முன்பு கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யுங்கள். பெரும்பாலோர் மறந்துவிடும் வேலை இது. மாற்றாக, நன்கொடையில் இயங்கும் தண்டர்பேர்டு இலவசமாகக் கிடைக்கிறது. 2024 அக்டோபர் முதல் அதற்கு ஆண்ட்ராய்டு பதிப்பும் உண்டு.

கேள்வி: இத்தனை ஆண்டுகள் இலவசமாகக் கொடுத்துவிட்டு இப்போது பணம் கேட்பது நியாயமா?

பதில்: பணம் கேட்பதில் தவறில்லை என்பதே என் கருத்து. மடல் வந்தவுடன் அறிவிப்பு தருவது, குறித்த நேரத்தில் அனுப்புவது போன்ற வசதிகளுக்குச் செயலி நிறுவனமே இரவும் பகலும் சர்வர் ஓட்ட வேண்டியிருக்கிறது. அந்தச் செலவு மாதந்தோறும் வருவது. அதைப் பயனரிடம் வெளிப்படையாகக் கேட்காத நிறுவனம் வேறு வழியில் ஈட்டப் பார்க்கும். விளம்பர மடல்களிலிருந்து விலக உதவுவதாகச் சொன்ன அன்ரோல்.மீ என்ற இலவசச் சேவையின் தாய் நிறுவனம், பயனர்களின் பெட்டிகளில் இருந்த ரசீது விவரங்களைத் திரட்டி, பெயர்களை நீக்கி, பிற நிறுவனங்களுக்கு விற்றது 2017இல் வெளிவந்தது. சந்தாவைவிட அது கொடியது.

அதே சமயம், சந்தா கட்டினால் செயலி நிலைக்கும் என்றும் நம்பிவிட வேண்டாம். கிளவுட்மேஜிக் என்ற செயலி 2016இல் நியூட்டன் எனப் பெயர் மாறி, ஆண்டுக்கு 49.99 டாலர் சந்தாவுக்கு வந்தது, 2018இல் மூடப்பட்டது. பின்னர் வேறொரு நிறுவனம் வாங்கி உயிர் கொடுத்தாலும், 2020இல் அந்த நிறுவனமே மூடப்பட்டது. எனவே முதலில் மாதச் சந்தா மட்டும் கட்டிப் பாருங்கள். ஆண்டுச் சந்தாவின் தள்ளுபடியைப் பார்த்து அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: செயலியை அழித்த பிறகும் பணம் பிடிக்கப்படுகிறதே?

பதில்: செயலியை அழிப்பதால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ சந்தாக்கள் பகுதிக்குச் சென்று ரத்து செய்ய வேண்டும். யூபிஐ ஆட்டோபே மூலம் கட்டியிருந்தால் உங்கள் யூபிஐ செயலியிலும் ஒருமுறை சரிபாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். அந்தத் தகவலைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

கேள்வி: ஜிமெயில் நிறைந்துவிட்டது என்கிறது. கூகுள் ஒன் சந்தா வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: முதலில் இடத்தை அடைத்திருப்பது எது என்று பாருங்கள். 15 ஜிபி என்பது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொதுவானது. 2021 ஜூன் 1 முதல் ஏற்றப்பட்ட படங்கள் பொதுவாக அந்த 15 ஜிபிக்குள் சேர்கின்றன. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது சேர்கிறது. பலருக்கு மடல்களைவிட இவைதான் அதிக இடம் பிடிக்கின்றன. மடல்களை ஆர்க்கைவ் செய்வதால் (அழிக்காமல் இன்பாக்ஸிலிருந்து ஒதுக்கி வைப்பதால்) ஒரு துளி இடமும் மிச்சமாகாது. அழித்தவையும் 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும் என்பதால் அதையும் காலி செய்யுங்கள். இவ்வளவு செய்தும் இடம் போதவில்லை என்றால், தொழிலுக்குப் பயன்படும் கணக்குக்குச் சந்தா கட்டுவது நல்லது. ஏனெனில் இடம் தீர்ந்த பெட்டிக்கு வரும் மடல், அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வராமல் போனது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

கேள்வி: எங்கள் கடையின் பெயரிலேயே டொமைன் (இணைய முகவரி) வாங்கி, இலவசத் திட்டத்தில் மின்னஞ்சல் வைத்திருக்கிறோம். நாளை அதற்கும் கட்டணம் வந்தால்?

பதில்: வரக்கூடும். சொந்த டொமைனுக்கு இலவசமாக மின்னஞ்சல் தந்துவந்த கூகுள், 2012 டிசம்பரில் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது; 2022 ஜனவரியில் பழைய பயனர்களையும் கட்டணத்துக்கு மாறச் சொன்னது. எதிர்ப்புக்குப் பின் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது, வணிகத்துக்குக் கிடைக்கவில்லை.

ஆயினும் டொமைன் உங்கள் கையில் இருக்கும்வரை நீங்கள் யாருக்கும் கட்டுப்பட்டவர் அல்லர். டொமைனுக்கு வரும் மடல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று குறிக்கும் எம்எக்ஸ் பதிவை மாற்றினால் அதே முகவரியோடு வேறு நிறுவனத்துக்குப் போய்விடலாம். பழைய மடல்களை மட்டும் முன்னதாகப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். சர்வரில் உள்ள மடல்களை வேறு செயலியிலும் திறக்க உதவும் ஐமேப் வசதி உங்கள் இலவசத் திட்டத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், அது இல்லையென்றால் தண்டர்பேர்டு போன்ற செயலியில் முழுமையாகப் பிரதி எடுப்பது கடினம். டொமைன் இணையதளம் அமைத்துக் கொடுத்தவர் பெயரில் பதிவாகியிருந்தால், கடை உரிமையாளர் பெயருக்கு மாற்றி வாங்குங்கள். டொமைன் பதிவுக் கணக்குக்குக் கொடுக்கும் மின்னஞ்சல், அதே டொமைனில் உள்ளதாக இருக்கக் கூடாது. புதுப்பிக்கத் தவறினால் நினைவூட்டும் மடலும் அதோடு நின்றுபோகும்.