பேராசிரியரின் பட்டியலும் பாட்டியின் காலண்டரும்

கேள்வி: மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடித்து இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். இந்த ஆண்டு சீட் (CEED) என்ற வடிவமைப்பு நுழைவுத் தேர்வு எழுதினேன். எம்.டெஸ். என்ற முதுநிலை வடிவமைப்புப் படிப்புக்கு இரண்டு கல்வி நிறுவனங்கள் நேர்காணலுக்கு அழைத்திருக்கின்றன. எந்த ஆசிரியரிடம் பயில விருப்பம், ஏன் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். ஒவ்வொரு ஆசிரியரின் பெயருக்குக் கீழேயும் ‘கற்பித்தல் ஆர்வங்கள்’, ‘ஆய்வு ஆர்வங்கள்’ என்று ஏழெட்டுப் போட்டிருக்கிறார்கள். எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன. என் ஆர்வம் வேறு. அப்பா ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். எங்கள் பாட்டி தினசரி காலண்டர் தாளைக் கண்ணாடி இல்லாமலே பார்த்துச் சொல்லிவிடுவார். அதே விவரத்தைக் கைப்பேசியில் காட்டினால் திணறுகிறார். அது ஏன் என்று படிக்க ஆசை. எந்தப் பட்டியலிலும் ‘தமிழ் எழுத்து’ என்று இல்லை. ஆர்வத்தை மறைத்துக்கொண்டு அவர்கள் பட்டியலுக்கு ஏற்ப எழுதட்டுமா? “காலண்டர் தாளில் என்ன ஆராய்ச்சி?” என்று அப்பா வேறு கேட்கிறார்.
– பெயர் வேண்டாம், சிவகாசி

பதில்: முதலில் வாழ்த்து. ‘சீட் தேர்வு எழுதினேன்’ என்று உங்கள் ஊரில் சொன்னால் சீட்டு கம்பெனியில் வேலையா என்று கேட்பார்கள். அதைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்.

அந்தப் பட்டியல்கள் எப்படி உருவாகின்றன என்று சொல்லிவிடுகிறேன்; பாதி பயம் போய்விடும். ஆண்டுதோறும் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வரும். போன ஆண்டு எழுதியதோடு, இந்த ஆண்டு எல்லோரும் பேசும் ஒரு சொல்லையும் சேர்த்து அனுப்புவோம். பழையதை நீக்க யாருக்கும் மனம் வராது. பதினைந்து ஆண்டுகள் இப்படி ஓடினால் ஏழெட்டு ஆர்வங்கள் சேராமல் என்ன செய்யும்? என் பெயருக்குக் கீழேயும் ஒரு காலத்தில் ஒன்பது இருந்தன. அவற்றில் மூன்றைப் பற்றித்தான் என்னால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பேச முடியும்.

இரண்டு தலைப்புகளையும் பிரித்துப் பாருங்கள். கற்பித்தல் ஆர்வம் என்பது அவர் வகுப்பெடுக்கக்கூடியது: வரைதல், வடிவம், எழுத்துருவியல் (எழுத்துகளின் வடிவத்தையும் அமைப்பையும் படிப்பது), பொருள்களும் செய்முறைகளும். இதில் பெரும்பகுதி துறையின் தேவைக்காக அவர் தலையில் விழுந்ததாக இருக்கும். ஆய்வு ஆர்வம் என்பது யாரும் கேட்காமலே அவர் துரத்திக்கொண்டு போவது. நம் நாட்டு வடிவமைப்புக் கல்வியில் இவை இரண்டும் கலந்து கிடப்பதற்கு வரலாறும் ஒரு காரணம். அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியின் 1958ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. 1969இல் மும்பை ஐ.ஐ.டி.யில் ஐ.டி.சி. என்ற தொழில் வடிவமைப்பு மையம் தொடங்கியது. இரண்டுமே முதலில் பயிற்சிக்கூடங்கள், பிஎச்.டி. எல்லாம் பின்னால் வந்தது. அதனால் மூத்த ஆசிரியர் ஒருவரின் உண்மையான ஆராய்ச்சி கட்டுரையாக இருக்காது. ஒரு வகுப்பாக, ஒரு நாற்காலியாக, ஓர் எழுத்துருவாகக்கூட இருக்கும்.

அகமதாபாத்தில் எம்.பி. ரஞ்சன் என்று ஒருவர் கற்பித்தார். 2015இல் காலமானார். ஒற்றைச் சொல்லில் அவர் ஆர்வத்தைச் சொல்லச் சொன்னால் ‘மூங்கில்’ என்பேன். வடகிழக்கு மாநிலங்களில் மூங்கிலையும் பிரம்பையும் கொண்டு என்னென்ன பின்னுகிறார்கள், எந்த முடிச்சு எந்தக் கூடைக்கு என்று சக ஆசிரியர்களோடு அலைந்து தொகுத்து 1986இல் பெரிய நூலாக்கினார். அதே மனிதர் வகுப்பில் எடுத்தது மூங்கில் பாடம் அல்ல. வடிவமைப்பு என்றால் என்ன, அது யாருக்காக என்று மாணவர்களை யோசிக்க வைக்கும் பாடம் அது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஆள் புரிகிறார்.

இன்னொருவர் தேப்குமார் சக்ரபர்த்தி. அவர் துறை ‘எர்கோனாமிக்ஸ்’. பட்டியலில் அந்தச் சொல்லைப் பார்த்திருப்பீர்கள். கேட்கப் பெரிதாக இருக்கும். செய்வது அளவெடுக்கும் வேலை. உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் மடிப்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம், கையை நீட்டினால் எதுவரை எட்டும், உள்ளங்கை எவ்வளவு அகலம். வெளிநாட்டு அளவுகளை வைத்து நாற்காலி செய்தால் நம் அம்மாக்களின் கால் தரையைத் தொடாமல் தொங்கும். இந்திய உடல்களின் அளவுகளைத் தொகுத்து அவர் 1997இல் வெளியிட்ட நூல் இன்றும் மாணவர் மேசைகளில் கிடக்கிறது. ஒரு பெரிய சொல்லைப் பார்த்தால் ‘இவர் கையில் என்ன கருவி இருக்கும்?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். அளவுகோலா, கேமராவா, ஒலிப்பதிவுக் கருவியா? ‘வடிவமைப்புக் கோட்பாடு’ என்று எழுதுபவரிடம் பெரும்பாலும் கடைசியாகச் சொன்னது இருக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் (ஐ.ஐ.எஸ்சி.) அமரேஷ் சக்ரபர்த்தி போன்றவர்கள் வடிவமைப்பாளர் எப்படி யோசிக்கிறார் என்பதையே ஆராய்கிறார்கள். ஒருவரிடம் ஒரு சிக்கலைக் கொடுத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லியபடி வரையச் சொல்லி, பதிவுசெய்து, வரி வரியாகப் பிரித்துப் பார்ப்பது அத்துறையில் பழகிய முறை. பொறுமைசாலிகளுக்கான வேலை. எனக்கு ஆகாது.

உங்கள் பெரிய கவலைக்கு வருகிறேன். ‘தமிழ் எழுத்து’ யார் பட்டியலிலும் இல்லையே என்கிறீர்கள். 2010இல் ரூபாய்க்குப் புதிய குறியீடு வந்தது நினைவிருக்கும். அதை வரைந்த உதயகுமார் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தவர். பிறகு மும்பை ஐ.டி.சி.க்குப் போய் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் தமிழ் எழுத்துருவியல். அதன்பின் ஆசிரியராகச் சேர்ந்தது குவாஹாட்டி ஐ.ஐ.டி.யில். தமிழ் எழுத்தை மராத்தி பேசும் ஊரில் ஆராய்ந்துவிட்டு, அஸ்ஸாமியா பேசும் ஊரில் வகுப்பெடுக்கிறார்! அதே ஐ.டி.சி.யில் அவருக்கு முந்தைய தலைமுறையில் ஆர்.கே. ஜோஷி இருந்தார். விளம்பர உலகிலிருந்து வந்தவர், எழுத்தணிக் கலைஞர். கணினியில் இந்தி படிப்பவர்கள் நெடுங்காலம் பார்த்த மங்கள் எழுத்துரு அவருடையது. ஆகவே ‘இந்திய எழுத்துருவியல்’ என்றோ ‘காட்சித் தொடர்பியல்’ என்றோ போட்டிருப்பவர்களைத் தேடுங்கள். அவருக்குத் தமிழ் ஓர் எழுத்துக்கூடத் தெரியாமல் இருக்கலாம், பரவாயில்லை. சுழியும் கொம்பும் எங்கே இடிக்கின்றன என்று பார்க்கத் தெரிந்த கண் இருந்தால் போதும். தமிழ் உங்களிடம் இருக்கிறதே.

துறையின் பெயரையும் நம்பி இருந்துவிடாதீர்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் உட்கார்ந்திருப்பவரை எழுந்து நிற்க வைக்கும் சக்கர நாற்காலியை உருவாக்கிய ஆய்வு மையத்தை நடத்துபவர் சுஜாதா ஸ்ரீனிவாசன். அவர் இருப்பது இயந்திரவியல் துறையில். அவர் ஆர்வம் மனித உடலின் அசைவு. நல்ல வடிவமைப்பு ஆசிரியர் இப்படிப் பக்கத்துக் கட்டடத்திலும் இருப்பார்.

ஒருவரின் ஆர்வம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் மிச்ச வேலை. இதில் நான் பட்டிருக்கிறேன். படித்த காலத்தில் ஓர் ஆசிரியரின் பெயருக்குக் கீழே ‘கிராமப்புறத் தொழில்நுட்பம்’ என்று இருந்ததைப் பார்த்து மயங்கி அவரையே வழிகாட்டியாகக் கேட்டு வாங்கினேன். அவர் கடைசியாகக் கிராமத்துக்குப் போனது பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு. என் ப்ராஜெக்டில் பாதி, அவருடைய பழைய புகைப்படங்களைத் தேதிவாரியாக அடுக்குவதில் கழிந்தது. நல்ல மனிதர்தான். காபி எல்லாம் வாங்கித் தருவார்.

நீங்கள் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம். கடந்த மூன்று ஆண்டுகளில் அவரிடம் படித்த மாணவர்களின் ப்ராஜெக்ட் தலைப்புகளைப் பாருங்கள். ஆசிரியர் எதில் இப்போது மூழ்கியிருக்கிறார் என்பது அங்கே தெரிந்துவிடும். ஐந்து மாணவர்கள் ஐந்து திசையில் போயிருந்தால், அவர் யாரையும் தடுக்காதவர் என்று கொள்ளலாம். எதிலும் ஆழமாக இறங்காதவராகவும் இருக்கலாம். எது என்று அவருடைய மாணவர் ஒருவரிடம் கேட்டால் தெரியும். அந்த மாணவரிடம் “சார் எப்படி?” என்று கேட்காதீர்கள், “சூப்பர்” என்றுதான் பதில் வரும். “கடைசியாக எப்போது உங்களோடு உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்தார்?” என்று கேளுங்கள். பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்பதையும் கவனியுங்கள். ஐ.டி.சி.யும் வேறு சில நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் டி’சோர்ஸ் தளத்தில் ஆசிரியர்கள் தயாரித்த பாடங்களும் கைவினை ஆவணங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மாலைப் பொழுது அதில் உட்கார்ந்தால் யார் எப்படிப் பேசுகிறார், எதைக் காட்டி விளக்குகிறார் என்பது பிடிபடும்.

இரண்டு ஆண்டுப் படிப்பில் முதல் ஆண்டு பெரும்பாலும் வகுப்பும் சிறு ப்ராஜெக்டுமாகப் போய்விடும். நீண்ட ப்ராஜெக்ட் பிறகுதான். இப்போது எழுதித் தரும் பெயரை யாரும் உங்கள் நெற்றியில் ஒட்டிவிட மாட்டார்கள்.

அப்பாவின் கேள்வி உங்கள் கேள்வியைவிடக் கூர்மையானது. லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் கிறிஸ்டோபர் ஃப்ரெய்லிங் 1993இல் வடிவமைப்பு ஆய்வை மூன்றாகப் பிரித்தார்: வடிவமைப்பைப் பற்றிய ஆய்வு, வடிவமைப்பின் வழியே ஆய்வு, வடிவமைப்புக்கான ஆய்வு. துறை முழுக்க இன்றுவரை அதை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவிடம் காலண்டர் தாளை வைத்தே விளக்குங்கள். தீப்பெட்டி லேபிளும் பட்டாசு லேபிளும் அச்சடித்து வளர்ந்த ஊர் எப்படி நாட்டுக்கே காலண்டர் அச்சடிக்கத் தொடங்கியது, தாளின் அமைப்பு எந்தெந்த ஆண்டு எப்படி மாறியது என்று தேடினால் முதல் வகை. நீங்களே புதிதாக ஒரு தாள் வடிவமைத்து, பத்து வீட்டுச் சுவரில் மாட்டி, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து, மாற்றி, மறுபடி மாட்டினால் இரண்டாவது. எழுத்து எவ்வளவு சிறிதானால் பாட்டியால் படிக்க முடியாமல் போகிறது, மெல்லிய தாளில் மை பரவும்போது ‘ழ’வின் சுழி எப்போது அடைபடுகிறது என்று அளந்தால் மூன்றாவது. இந்த மை பரவும் விஷயத்தில் உங்கள் ஊர்ப் பேராசிரியர் உங்கள் அப்பாதான். பிளேட் தேய்ந்தால், ரிஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடம்) தள்ளினால் எந்த எழுத்து முதலில் கெடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், எந்த நேர்காணல் குழுவும் அதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காரும்.

உங்கள் கேள்வியில் ஓர் இடத்தில் மட்டும் குறுக்கிடுகிறேன். பாட்டி ‘வாசிக்கிறார்’ என்பதை அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ளாதீர்கள். வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30 முதல் 12 வரை என்பது அவருக்கு மனப்பாடம். கிழமைக்குக் கிழமை அது மாறாது. இருந்தும் தாளைப் பார்க்கிறார். அப்படியானால் எதைப் பார்க்கிறார்? திதியையா, சந்திராஷ்டமத்தையா? இடம் பழகிவிட்டதால் எழுத்தையே பார்க்காமல் சொல்கிறாரா? சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. இரண்டு பெட்டிகளின் இடத்தை மாற்றி ஒரு தாள் அச்சிட்டு மாட்டுங்கள். அப்போதும் கண்ணாடி போடாமல் சொல்லிவிட்டால் நீங்கள் எழுத்துருவியல் ஆசிரியரிடம் போக வேண்டும். தடுமாறினால், கண் எங்கே பழகுகிறது, கை எங்கே தேடுகிறது என்று படிக்கும் இடைமுக வடிவமைப்பு ஆசிரியரிடம் போக வேண்டும். கைப்பேசியில் அவர் திணறுவதற்கும் விடை அங்கேதான் கிடைக்கும் என்பது என் ஊகம். இந்தச் சோதனையை நேர்காணலுக்கு முன்பே செய்துவிடலாம். அப்பாவின் அச்சகத்தில் ஒரு கழிவுத் தாள் போதும்.

ஆகவே ஆர்வத்தை மறைக்காதீர்கள். அந்த ஒரு பக்கத்தில் முதல் பத்தி பாட்டியைப் பற்றி இருக்கட்டும். இரண்டாவது பத்தியில் அந்தச் சோதனை. மூன்றாவதில், அந்த ஆசிரியரின் எந்த ப்ராஜெக்டை, எந்த வகுப்பைப் பார்த்து அவரிடம் வர நினைக்கிறீர்கள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ‘தங்கள் பரந்த ஆய்வு ஆர்வங்கள் என்னைக் கவர்ந்தன’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தப் பரப்பு எப்படி வந்தது என்று அவருக்கே தெரியும்.

நேர்காணலுக்குக் கையில் ஒரு காலண்டரை எடுத்துச் செல்லுங்கள். போன ஆண்டினுடையதாக இருக்கட்டும். இந்த ஆண்டினுடையதை ஆணியிலிருந்து கழற்றினால், நீங்கள் குழுவின் முன் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பாட்டியிடமிருந்து போன் வரும்.