சென்சார் 70% நம்பகமானது என்றால் மீதி 30% எங்கே போகிறது?

தீ எச்சரிக்கை சென்சார் ஒழுங்காக வேலை செய்ய 70% வாய்ப்பு. அது "தீ" என்கிறது. அப்படியானால் "தீ இல்லை" என்பதற்கு 30% என்று கொள்ளலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள்.

கூடாது. அந்த 30% "தெரியாது" என்பதன் பங்கு. சென்சார் பழுதாக இருந்தாலும் தீ பிடித்திருக்கலாம் அல்லவா? புள்ளியியலாளர் ஆர்தர் டெம்ப்ஸ்டர் தொடங்கி, க்ளென் ஷேஃபர் 1976இல் நூலாக விரித்த டெம்ப்ஸ்டர்-ஷேஃபர் கோட்பாடு இந்த அறியாமைக்குத் தனி இடம் தருகிறது. 60% நம்பகமான இன்னொரு சென்சாரும் "தீ" என்றால், இரண்டுமே பழுதாக இருக்கும் வாய்ப்பு 0.3 × 0.4 = 0.12, "தீ" என்பதற்கான ஆதரவு 0.88 ஆக உயரும். இரண்டும் ஒரே மின் இணைப்பில் ஓடினால் சேர்ந்தே பழுதாகலாம், அப்போது இந்தக் கணக்கு செல்லாது.

சரி, சான்றுகள் மோதினால்? கணினி அறிவியலாளர் லோட்ஃபி ஸாடே காட்டிய உதாரணம் இது: ஒரு மருத்துவர் மூளைக்காய்ச்சல் 99%, மூளைக்கட்டி 1% என்கிறார். மற்றவர் தலையில் அடிபட்ட அதிர்ச்சி 99%, கட்டி 1% என்கிறார். சான்றுகளைச் சேர்க்க இந்தக் கோட்பாடு பயன்படுத்தும் டெம்ப்ஸ்டர் விதிப்படி சேர்த்தால் கட்டி 100%! இருவருமே ஏறக்குறைய ஒதுக்கிய முடிவு. மோதும் பங்கை விதி தள்ளிவிட்டு மிச்சத்தை முழுமையாக்குவதால் வரும் வினை இது. அதனால் மோதலின் அளவை (இங்கே இருவரும் ஒத்துப்போவது 0.01 × 0.01 = 0.0001 மட்டுமே, மோதல் 0.9999) முதலில் பாருங்கள். பெரிதாக இருந்தால் சேர்க்கவே வேண்டாம். எந்தச் சான்று பிழை என்று தேடுங்கள்.