கிழமைக் கடனை வைத்துக் கோட்பாடு படியுங்கள்: சமூகவியல் எடுக்க யோசிக்கும் மகளுக்கும் அம்மாவுக்கும்

பல்கலைக்கழகத்தில் சமூகவியலை விசேட பாடமாக எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் மகள். இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்பது அம்மாவின் கேள்வி. கோட்பாட்டை எப்படிப் படிக்கிறீர்கள் என்பதில்தான் இரண்டுக்கும் பதில் இருக்கிறது.

உயர்தரத்தில் இந்தப் பாடம் இல்லை. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் டுர்க்கைம், மார்க்ஸ் போன்ற சமூகவியல் அறிஞர்களின் பெயர்களே பல பிள்ளைகளின் காதில் விழுகின்றன. பயத்தில் வரைவிலக்கணங்களை மனனம் செய்கிறார்கள். "வறுமையை முரண்பாட்டுக் கோட்பாட்டின்படி ஆராய்க" என்று கேள்வி வந்தால் மார்க்ஸின் வாழ்க்கை வரலாற்றை ஒரு பக்கம் எழுதிவிட்டு, வறுமையைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரி எழுதுகிறார்கள். புள்ளி போவது அங்கேதான்.

இதற்கு மாற்று வழி, உங்கள் ஊரில் நன்றாகத் தெரிந்த ஒரே பிரச்சினையை எல்லாக் கோட்பாட்டுக்குள்ளும் விட்டுப் பார்ப்பது. மட்டக்களப்பின் படுவான்கரைப் பிள்ளைக்குக் கிழமைக் கடனை விட நல்ல பிரச்சினை கிடைக்காது: நுண்நிதி நிறுவனங்கள் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுத்து, கிழமைக்குக் கிழமை தவணை வாங்கும் கடன் அது.

முதலில் அமெரிக்கச் சமூகவியலாளர் ரைட் மில்ஸ் 1959 இல் சொன்ன வேறுபாட்டைப் பிடியுங்கள். ஒரு வீட்டில் கடன் கட்ட முடியாவிட்டால் அது அந்த வீட்டின் தொல்லை. ஒழுங்கையில் பாதி வீடுகள் அப்படியென்றால் அது பொதுப் பிரச்சினை. "அவளுக்குச் செலவழிக்கத் தெரியாது" என்ற விளக்கம் அதற்குப் போதாது.

அடுத்தது தொழிற்பாட்டுவாதம், அதாவது சமூகத்தில் ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கும் கோட்பாடு. அதில் மேர்ட்டனை எடுங்கள். 1938 இல் அவர் எழுதியது இதுதான்: சமூகம் எல்லோருக்கும் ஓர் இலக்கை வைக்கிறது, அதை அடையும் வழியை மட்டும் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. மட்டக்களப்பில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது இலக்கு. கூலி வேலைக் குடும்பத்துக்கு அதற்கான வழி இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் கடன் வருகிறது. வெளிப்படைத் தொழிற்பாடு, மறைமுகத் தொழிற்பாடு என்ற அவருடைய பிரிப்பையும் இங்கே போட்டுப் பாருங்கள். குழுக்கடனின் வெளிப்படை நோக்கம் ஈடு வைக்க எதுவும் இல்லாத பெண்ணுக்குத் தொழில் செய்யக் காசு கொடுப்பது. ஆனால் ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் பொறுப்பு என்பதால், அயல்வீட்டுக்காரியே வாசலில் நின்று காசு கேட்பவளாக மாறுகிறாள். அயல் உறவு இப்படிக் கெட்டுப்போவது யாரும் திட்டமிடாத விளைவு. இதை எழுதும் மாணவி கோட்பாட்டை விளங்கியிருக்கிறாள் என்று திருத்துபவருக்கு உடனே தெரியும்.

முரண்பாட்டுக் கோட்பாடு கேட்பது: இதில் யாருக்கு இலாபம், விதியை எழுதுவது யார்? வெள்ளாமைக் காசு அறுவடையோடுதான் கைக்கு வரும். தவணையோ கிழமைக்குக் கிழமை. அந்த நாட்காட்டியைக் கடன் வாங்குபவர் எழுதவில்லை. "முதலாளிகள் சுரண்டுகிறார்கள்" என்று நிறுத்திவிடாமல், வட்டி, தவணை, உறுதிப் பத்திரம் இல்லாத காணிக்கு வங்கிக் கடன் கிடைப்பதில் உள்ள சிக்கல் என்று துண்டு துண்டாகக் காட்டுங்கள்.

மனிதர் ஒருவரோடு ஒருவர் பழகும் விதத்தைப் பார்க்கும் இடைவினைவாதம், கடன் குழுவின் கூட்டத்துக்குள் நடக்கும் பேச்சைக் கவனிக்கும். "கடன்காரி" என்ற பெயர் விழுந்த பெண் கோயில் திருவிழாவுக்கும் வராமல் ஒதுங்குவதைப் பெக்கரின் முத்திரையிடல் கோட்பாட்டோடு, அதாவது ஊர் ஒட்டும் பெயரே ஒருவரை மாற்றிவிடும் என்ற கருத்தோடு சேர்த்து எழுதலாம்.

ஒரு பிழையை மட்டும் செய்யாதீர்கள். டுர்க்கைம் 1897 இல் தற்கொலை பற்றி விளக்கியது ஒரு சமூகம் முழுவதன் வீதங்களை, தனி ஒருவரின் சாவை அல்ல. ஒரு வீட்டில் நடந்த சாவுக்கு "நியமமின்மைதான் காரணம்", அதாவது சமூக விதிகள் தளர்ந்ததுதான் காரணம் என்று எழுதினால் கோட்பாடும் பிழை, அந்தக் குடும்பத்துக்கும் அநியாயம்.

ஆய்வுக்காக வீடுகளுக்குப் போவதென்றால் எட்டுப் பத்து வீடு போதும். தவணை கட்டும் நாளில் போகாதீர்கள். பெயர் எழுதாதீர்கள். "ஏன் கடன் வாங்கினீர்கள்" என்று தொடங்கினால் குற்றம் கேட்பது போல இருக்கும். "எதற்குக் காசு தேவைப்பட்டது" என்று கேட்டால் வாய் திறப்பார்கள். 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டத்தை வாசித்துவிட்டுப் போங்கள்.

அம்மா, இனி உங்களுக்கு. பிரதேச செயலகத்தில் சமூக சேவை, சிறுவர் உரிமை, மகளிர் அபிவிருத்தி ஆகிய பிரிவுகளும், நன்னடத்தைத் திணைக்களமும் செய்யும் வேலை இதுதான்: ஒரு வீட்டின் கஷ்டத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்து அறிக்கை எழுதுவது. அரச நியமனம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பட்டத்தை மட்டும் நம்பி வீட்டில் இருக்க விடாதீர்கள். இரண்டாம் வருடத்திலிருந்தே சிங்களம் படிக்கட்டும். அரச வேலையில் இரண்டாம் அரச கரும மொழித் தேர்ச்சி கேட்பார்கள், அம்பாறைப் பக்கம் வேலை கிடைத்தால் அன்றாடமே தேவைப்படும். தொண்டு நிறுவனங்களுக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிந்தவரும் எக்செல் அட்டவணை போடத் தெரிந்தவரும் வேண்டும். சமூகப் பணியையே தொழிலாக எடுக்க விரும்பினால் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் சமூகப்பணிப் பட்டத்தையும் விசாரித்துப் பாருங்கள். அது தனிப் படிப்பு, சமூகவியல் பட்டம் அல்ல.

விசேட பாடத்துக்கு விண்ணப்பிக்க முன் மகள், கிழமைக் கடனைப் பற்றித் தொழிற்பாட்டுவாதம், முரண்பாட்டுக் கோட்பாடு, இடைவினைவாதம் என்ற மூன்று கோட்பாட்டிலும் ஒவ்வொரு பக்கம் எழுதுங்கள். மூன்றிலும் ஒரே விஷயத்தைத்தான் எழுதியிருந்தால் இன்னும் இரண்டு மாதம் வாசியுங்கள். மூன்றும் வேறு வேறாக வந்திருந்தால் தயங்காமல் விண்ணப்பத்தைப் போடுங்கள்.