கூர்நோக்கு இல்லத்தில் வலிப்பு மாத்திரை: உடனே செய்ய வேண்டியவை

சகோதரி, 16 வயதுத் தம்பியின் வலிப்பு மாத்திரையைக் கூர்நோக்கு இல்லத்தில் (வழக்கு விசாரணைக் காலத்தில் சிறுவர்களைத் தங்கவைக்கும் இடம்) வாங்க மறுத்து, இரண்டு நாளாக அவன் மாத்திரையில்லாமல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நாளை வரை காத்திருக்காதீர்கள். வால்ப்ரோயேட் என்ற அந்த வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் அடுத்தடுத்து வரலாம். தூக்கம் கெட்டால் ஆபத்து இன்னும் கூடும்.

உதிரி மாத்திரையைப் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள், அது என்ன மருந்தென்று அவர்களுக்குத் தெரியாதே. பிரிக்காத மாத்திரை அட்டை, மருத்துவர் சீட்டு நகல், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் ஒரு மனுவோடு இல்லத்தின் கண்காணிப்பாளரிடம் கொடுத்து, மனுவின் இன்னொரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மருந்தின் அளவு, நேரம், கடைசியாக வலிப்பு வந்த நாள் மூன்றும் மனுவில் இருக்கட்டும். விட்டுப்போன மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. எப்படித் தொடங்குவதென்று மருத்துவரே சொல்லட்டும்.

அதே மனுவை இன்றே இளைஞர் நீதிக் குழுமத்திலும் (சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் அமைப்பு) கொடுங்கள். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 53ஆவது பிரிவு மருத்துவக் கவனிப்பை இல்லத்தின் கடமையாக்குகிறது; இது சலுகையல்ல. வக்கீல் இல்லையென்றால் 15100, இலவச சட்ட உதவி.

நன்னடத்தை அலுவலரிடம் தம்பிக்கென எழுதப்படும் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் வலிப்பு நோயைப் பதியச் சொல்லுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, 5 நிமிடம் தாண்டினால் 108 என்று இரவுப் பணியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெளியே வரும் நாளில் சிகிச்சைக் குறிப்பையும் மீதி மாத்திரையையும் கேட்டு வாங்குங்கள்.